மூன்று விளக்குக்கு ஒரு வெட்டு

தாழியை அளக்கப் போன அன்று
அருங்காட்சியகத்தின் உள்ளறையில் டியூப்லைட் எரியவில்லை.
ஸ்டார்ட்டர் போய் ஏழெட்டு மாதமாச்சு என்றார் காவலர் பச்சியப்பன்,
தூரத்து உறவில் ஒரு சாவைச் சொல்வதுபோல.
செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் டேப்பை ஓட்டினேன்.
வாய் இரண்டடி. உயரம் மூன்றடி ஒன்றரை அங்குலம்.
இடுப்பில் ஒரு விரிசல், மேலே பிளாஸ்டர் பூச்சு.
விரிசலையும் வரைந்து வரச் சொல்லியிருந்தாள் மெர்லின் ஜெபக்கனி.
அதுதான் முக்கியமாம். பானை யார் வேண்டுமானாலும் செய்யலாமாம்.

ஏற்காட்டில் ஏரிக்கரைச் சரிவு அவளுக்கு ஒதுக்கிய இடம்.
கம்பி வளைத்து, கம்பிமேல் விளக்குப்பட்டை ஒட்டி
அருங்காட்சியகத்தை மலைக்கு ஏற்றினோம்:
வில்லோடு நடுகல் வீரன்,
கண்ணாடி ஜாடியில் இரட்டைத்தலைக் கன்று,
தேய்ந்த செப்புக்காசு,
ஒன்றரை மடங்கு பெரிசாகத் தாழி.

பட்டையைக் கண்ட இடத்தில் வெட்ட முடியாது.
மூன்று விளக்குக்கு ஒரு கத்தரிக்கோல் குறி இருக்கும்.
குறியில் வெட்டினால் இரு துண்டுக்கும் உயிர்;
ஒரு நூல் தள்ளினால் மூன்றும் போச்சு.
அதனால்தான் வீரனுக்கு மூக்கு கொஞ்சம் நீளம்.
மெர்லின் வெகுநேரம் பார்த்துவிட்டு
இருக்கட்டும், மோப்பம் பிடிக்கிறார் என்றாள்.

நான்காம் நாள் ஆறு மணிக்கு
தாழியின் கீழ்ப்பாதி அணைந்தது.
வாய்வழியே இறங்கத் தோள் இடம் தரவில்லை.
அடிக்கம்பியைத் தூக்கிப் படுத்து நுழைந்து
முழங்காலை மடக்கி, தாடையை அதன்மேல் வைத்து
சால்டரிங் இரும்பு சூடாகக் காத்திருந்தேன்.
அப்போதுதான் மூடுபனி ஏறியது.
முதலில் காசு கரைந்தது, பிறகு கன்றின் ஒரு தலை,
பிறகு இன்னொன்று.
கூட்டம் தெரியவில்லை. குரல்கள் மட்டும் வந்தன:
"அண்ணா, போட்டோல விழறீங்க, நகருங்க."
நகர எங்கே இடம்?
"உள்ள யாருப்பா உக்காந்திருக்கறது?"
ஒரு பொடியன்.
"பழைய காலத்து மனுசன்டா. பொம்மை.
செத்தா இப்படித்தான் வெப்பாங்களாம்."

அந்த அப்பாவைப் பொய்யனாக்க எனக்கு மனசு வரவில்லை.
இருமலை அடக்கினேன்.
கொசு ஒன்று காதில் ஏதோ கேட்டது, பதில் சொல்லவில்லை.
அவர்கள் போகும்வரை
எனக்கு வயசு இரண்டாயிரம்.

பழுது எங்கே தெரியுமா, அந்த விரிசலில்.
ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருந்தது செம்பு.
சுரண்டி ஈயம் வைத்ததும்
என்னைச் சுற்றி வட்டம் வட்டமாக எரிந்தது கீழ்ப்பாதி.
பனியில் வெளிச்சம் கம்பியோடு நிற்கவில்லை,
கசிந்து, பருத்து,
சரிவு மொத்தமும் ஒரே வயிறு.
"ஏய், பொம்மை கை அசைக்குது!"
தூரத்தில் அதே பொடியன்.

பத்து மணிக்கு மெயினை இறக்கிவிட்டு
வண்டியில் கிளம்பினேன். பன்னிரண்டாம் கொண்டை ஊசியில்
மூத்திரம் போக நிறுத்தினால்
கீழே சேலம்.
ஒரு குறியும் பார்க்காமல்
கண்ட இடத்தில் வெட்டி ஒட்டியதுபோல் கிடந்தது,
எல்லாத் துண்டும் எரிந்துகொண்டு.

விழா முடிந்த திங்கட்கிழமை
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்டார்ட்டர் வாங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.
பொதுப்பணித்துறை ஆள்தான் கை வைக்கணும் என்றார் பச்சியப்பன்.
லெட்டர் வேணும், நம்பர் போடணும்.
கொஞ்சம் நின்று
நான் டீக்குப் போறேன் என்றார், எங்கோ பார்த்து.

ஸ்டூலில் ஏறித் திருகினேன்.
ஒரு மின்னல்: தாழி.
இருட்டு.
இன்னொரு மின்னல்: விளிம்பில் ஒரு பல்லி.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

எட்டிப் பார்த்தேன்.
அடியில் ஒரு பஸ் டிக்கெட்,
கடலைமிட்டாய்த் தாள், யாரோ வேண்டிக்கொண்டு போட்ட
ஒரு ரூபாய்.
பொறுக்கலாமென்று கையை விட்டேன்.
அக்குள்வரை போயும் எட்டவில்லை.
பல்லி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து
பார்த்துக்கொண்டிருந்தது.